‘அண்ணன் மாறிட்டாருடா!’ - நேசித்த நட்சத்திரத்தை விட்டு விலகுவது துரோகமா?

காலை 5.40 மணி. ஆரணி பஜாரில் டீக்கடை வெளிச்சத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு கூட்டம் நிற்கிறது. ஆரணி என்றதும் பட்டுச்சேலைக்குப் பேர்போன ஊரை நினைத்துவிட வேண்டாம். இது திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணி ஆற்றங்கரையில், பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் நடுவே இருக்கும் ஆரணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் அங்கே நிற்கிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். பேச்சு, வரப்போகிற ஒரு படத்தைப் பற்றி. “மொத நாள், மொத ஷோ. எவனும் வேலைக்குப் போகக் கூடாது” என்று ஒரு தம்பி திட்டம் போடுகிறார்.

அவர்களோடு ஐம்பதை நெருங்கும் ஒருவரும் நிற்கிறார். தறி வீட்டுப் பிள்ளை. இப்போது கம்பெனியில் ஆபரேட்டர். வலது கையில் பச்சை குத்திய எழுத்து: ரஜினி.

“அண்ணே, நீங்க வரலையா?”

“இல்லப்பா, நீங்க போய்ட்டு வாங்க. டிவில போடும்போது பாத்துக்கறேன்.”

“இன்னாண்ணா இது? மன்றத்துல பொறுப்புல இருந்த ஆளு நீங்க. அண்ணன் மாறிட்டாருடா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால், மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை அவர் மெதுவாக இறக்கிவிட்டதைப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஊருக்கே காட்டிய பச்சை அது. இன்று அதை மறைக்கத் தோன்றுகிறது என்றால், அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது? நடிகரைப் பிடித்திருந்ததற்காகவா, இப்போது அவ்வளவாகப் பிடிக்காமல் போனதற்காகவா?

இரண்டுக்குமே கூச்சப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. நம் ஊரில் ரசிகராகச் சேர ஆயிரம் வழி இருக்கிறது. மரியாதையாக வெளியே வர ஒரு வழிகூட இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஏன் இவ்வளவு ஒட்டிக்கொள்கிறது?

1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையிலும் வானொலியிலும் வருகிறவர்களோடு நமக்கு ஏற்படும் உறவைப் பற்றியது அது. பார்க்கிறவருக்கு அவர் நெருங்கிய நண்பர் மாதிரி. அவருக்கோ நாம் யாரென்றே தெரியாது. ஒருதலை உறவுதான். ஆனாலும், மனசுக்குள் நடப்பது நிஜமான நட்பில் நடப்பதுபோலவே இருக்கிறது. டிவி வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தபோது சொன்னது இது. கையில் செல்போன் உள்ள இன்றைய பையனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

இன்னொன்று வயசு. வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால், பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் நினைவுக்கு வரும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. முதல் சம்பளம், முதல் காதல், முதல் பைக் எல்லாம் அந்த வயதில்தான். அப்போது ஓடிய பாட்டும் அப்போது பார்த்த முகமும் அவற்றோடு சேர்ந்தே பதிந்துவிடுகின்றன. “அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?” என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்பதற்கு இது ஒரு காரணம். நாம் தேடுவது பாட்டை மட்டுமல்ல, அதைக் கேட்ட இருபது வயதையும்தான்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது: ரசிகர் மன்றம். கட்சியோ சங்கமோ சேர்த்துக்கொள்ளாத பையனுக்கு முதலில் ஒரு பொறுப்பு கொடுத்தது மன்றம்தான். வசூல் செய்யவும் கணக்கு எழுதவும் போஸ்டர் ஒட்டவும் ரத்ததான முகாம் நடத்தவும் அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான். அதனால்தான் நடிகரை விட்டு விலகுவது சிரமமாக இருக்கிறது. அவரோடு அந்தக் கூட்டாளிகளையும், ‘செயலாளர்’ என்ற பட்டத்தையும் விட வேண்டியிருக்கிறது.

பாகவதரை விட்டது யார்?

இது புதிய கதையும் இல்லை. தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டு இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையானார். திரும்பி வந்து நடித்தார். படங்கள் பழைய மாதிரி ஓடவில்லை. 1959-ல் காலமானார்.

பாகவதரின் குரல் என்ன ஆயிற்று? குரல் அப்படியேதான் இருந்தது. கேட்டவர்கள் மாறியிருந்தார்கள். இடையில் ஒரு போர் முடிந்திருந்தது, ஒரு நாடு விடுதலை பெற்றிருந்தது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தபோது, ஜனங்கள் பாட்டைவிட வசனத்துக்குக் கைதட்டினார்கள். அந்த ரசிகர்களை யாராவது துரோகி என்றார்களா? அவர்களில் பலர் கிழவர்களாகி, திண்ணையில் உட்கார்ந்து பாகவதர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். தியேட்டருக்குப் போவது நின்றது, பாட்டு நிற்கவில்லை.

நட்சத்திரங்கள் விலகலாம், ரசிகர் விலகக் கூடாதா?

பாகவதர் காலத்தில் ரசிகர்கள் முதலில் நகர்ந்தார்கள். நம் காலத்தில் நட்சத்திரங்களே முந்திக்கொள்கிறார்கள். 2011 ஏப்ரலில், தன் 40-வது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு, அஜித் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021 டிசம்பரில் ‘தல’ என்று அழைக்க வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில், பொது இடங்களில் ‘கடவுளே’ என்று கோஷம் போடுவதை நிறுத்தச் சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கமல்ஹாசன் ‘உலக நாயகன்’ பட்டம் வேண்டாம் என்று அறிவித்திருந்தார்.

ரஜினி விஷயம் இன்னும் நீளமானது. 1996 தேர்தலில் அவர் குரல் கொடுத்ததிலிருந்து ‘தலைவர் வருவார்’ என்று காத்திருந்தவர்கள் ஏராளம். 2017 டிசம்பர் 31 அன்று வருகிறேன் என்றார். 2020 டிசம்பர் 29 அன்று, உடல்நிலையைக் காரணம் சொல்லி, வரவில்லை என்றார். 2021 ஜூலையில் மக்கள் மன்றத்தையும் கலைத்தார். 1996-ல் 20 வயதாக இருந்த ரசிகருக்கு 2020-ல் 44. இடையில் கல்யாணம், குழந்தைகள், கடன், தலையில் நரை.

அவருடைய முடிவைக் குறை சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. எனக்கு இது வேண்டாம் என்று சொல்லும் உரிமை நட்சத்திரத்துக்கு இருக்கிறது. அதே உரிமை போஸ்டர் ஒட்டியவருக்கும் இருக்க வேண்டும். ஆனால், நடிகர் விலகினால் அது ‘பக்குவம்’. ரசிகர் விலகினால் ‘மாறிட்டான்’!

விலகாவிட்டால் என்ன போச்சு?

சும்மா சினிமாதானே, இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். 2023 ஜனவரி 11 அன்று ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் வந்தன. நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில், சென்னை கோயம்பேடு அருகே ஒரு தியேட்டர் வாசலில் லாரி மீது ஏறி ஆடிய 19 வயது இளைஞர் குதித்தபோது அடிபட்டு இறந்தார். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய் பங்கேற்ற கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அது அரசியல் கூட்டம். அங்கே யார் மீது தவறு என்பது விசாரணைக்கு உரிய விஷயம். ஆனால், திரையில் பார்த்த முகத்தை ஒருதரம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

உயிர் போகாத இழப்பும் உண்டு. சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை. ரிலீஸ் நாளில் ஒரு நாள் கூலி போகும். டிக்கெட், பேனர் வசூல், பெட்ரோல் தனி. வருஷத்துக்கு ஒரு தரம் இதைச் சந்தோஷமாகச் செய்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மனசு விட்டுப்போன பிறகும், ‘கூட்டாளிங்க என்ன சொல்வாங்களோ’ என்று செய்வதுதான் தண்டம்.

ஒரே படம், மூன்று பதில்

பச்சை குத்திய அந்த அண்ணனிடம் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். தலைவர் கட்சி ஆரம்பிக்காததைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது ‘மன்னன்’.

1992 பொங்கலுக்கு வந்த பி.வாசுவின் படம். ரஜினி தொழிலாளி, விஜயசாந்தி முதலாளி. பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு ரஜினியும் கவுண்டமணியும் சினிமா டிக்கெட் வாங்கப் போய் மாட்டிக்கொள்ளும் காட்சியை மறக்க முடியுமா? முதல் நாள் ஷோவுக்கு லீவு போடும் எல்லாத் தொழிலாளியின் கதையும் அதுதான். “அது வந்தா இன்னைக்கும் சிரிப்பேன்” என்றார். இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய அம்மா பாட்டு வந்தால் இன்றைக்கும் கண் கலங்குமாம். அவருடைய அம்மா இப்போது இல்லை.

“ஆனா கடைசி சீன்தான்... அந்தம்மா கம்பெனியை விட்டுட்டு வீட்ல இருக்கறேன்னு வரும் பாருங்க. பதினாறு வயசுல விசில் அடிச்சேன். போன வருசம் டிவில போட்டான். பக்கத்துல என் பொண்ணு உக்காந்திருக்குது. சிப்காட்ல லைன் சூப்பர்வைசர். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து சாப்டுனு இருக்குது. என்னால விசில் அடிக்க முடியல, சார். சேனலை மாத்திட்டேன்.”

எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் படம் 1992-ல் எடுத்தபடியே இருக்கிறது. பார்க்கிறவர் ஒரு பெண்ணுக்கு அப்பாவாகிவிட்டார். சிரிப்பை வைத்துக்கொண்டார், அழுகையை வைத்துக்கொண்டார். மகளின் உழைப்பைச் சின்னதாக்கும் முடிவை மட்டும் முறத்தில் புடைப்பதுபோலத் தள்ளிவிட்டார். விலகுவது என்றால் எல்லாவற்றையும் குப்பையில் போடுவது இல்லை. எது இன்னும் நம்முடையது, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பது. வெறுப்பு இல்லாமலே அதைச் செய்யலாம்.

கேலியும் வேண்டாம்

எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் இருக்கிறது. ‘பாட்ஷா’வுக்கு நாற்காலி மேல் ஏறி ஆடிய அதே ஆட்கள், இன்றைய பையன்களைப் பார்த்து “உருப்படாத பசங்க” என்கிறார்கள். இன்னும் சிலர் தங்களுடைய பழைய ரசனையையே ‘கிரிஞ்ச்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நாம் வளர்ந்துவிட்டோம் என்பதற்கு, வளராதவரைக் கேலி செய்வது அத்தாட்சி ஆகாது. அந்த வயதில் நமக்குக் கிடைத்த சந்தோஷம் பொய் இல்லை. கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பீகார் பையன் ஷிப்ட் முடிந்து போனில் போஜ்புரிப் பாட்டு கேட்கிறானே, அவனுக்கு ஊர் ஞாபகத்தைக் கொண்டுவருவது அதுதான். அதைப் பார்த்துச் சிரிக்க நாம் யார்?

இன்னும் சிலர், “விசுவாசம்னு ஒண்ணு இருக்கில்ல? நல்லா இருக்கும்போது கொண்டாடிட்டு அப்புறம் விட்டுட்டுப் போறதா?” என்று கேட்பார்கள். விசுவாசம் நல்ல குணம்தான். ஆனால், அது நம்மைத் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டியது. மன்றத்துக்காக நம்மோடு இரவெல்லாம் விழித்திருந்த கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் போய் நிற்பதுதான் விசுவாசம். ரத்ததானப் பட்டியலில் இருந்த எண்கள் இன்னும் நம் போனில் இருக்கின்றன. நடிகர் பெயர் போர்டு இல்லாவிட்டாலும் அந்த எண்களுக்கு அழைக்கலாம்.

பிள்ளைகளிடமும் இதைப் பேச வேண்டும். “சினிமா பாக்காதே” என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. “எனக்கும் ஒருத்தர் உயிராக இருந்தார், இன்னது பிடித்தது, இன்னது இப்போது பிடிக்கவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை” என்று ஒரு அப்பாவோ அம்மாவோ சொன்னால், அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வெளியே வர ஒரு கதவு திறந்திருக்கும்.

பஸ் சிப்காட் வாசலில் நின்றது. இறங்கும்போது அந்த முதல் ஷோ தம்பி மறுபடியும் ஆரம்பித்தார்: “அண்ணே, கடைசியா கேக்கறேன், உங்களுக்கும் ஒரு டிக்கெட் சொல்லட்டா?”

“எனக்கு வேணாம்டா. ஆனா, லாரி மேல எல்லாம் ஏறாதீங்க. படம் முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் பண்ணு, எப்படி இருக்குதுன்னு சொல்லு.”

பஞ்ச் பண்ண வரிசையில் நின்றபோது, சட்டைக் கையை மறுபடியும் மடித்துவிட்டிருந்தார்.