குழாயடியில் ஒரு கேள்வி



காவிரியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் விடுதி அறைகளில் விளக்கணைய நள்ளிரவாகிவிடுகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்கு அளந்தது 177.25 டி.எம்.சி. என்பதும், பெங்களூரின் தேவைக்கென்று 4.75 டி.எம்.சி. ஒதுக்கியது என்பதும் நமக்கு மனப்பாடம். ஆனால், அந்தக் காவிரி நூறு கிலோமீட்டர் மேடேறி வந்து நம் குழாயில் விழும்போது எந்த நிலையில் விழுகிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நுண்ணுயிரியல் படிக்கும் நானே கேட்டதில்லை. அந்த வெட்கந்தான் இதை எழுத வைக்கிறது.

2024 ஏப்ரலில் பெங்களூர் மருத்துவக் கல்லூரி விடுதி மாணவர் நாற்பதுக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் படுத்தனர். காலராவோ என்று நகரமே அஞ்சிற்று. நாளை வைத்தியம் பார்க்க வேண்டியவர்களே நோயாளிகளாயினர்! நல்லவேளை, கல்லூரியோடு சேர்ந்ததே மருத்துவமனை. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு உண்டா? 2022-இல் இராய்ச்சூரிலும், 2023 ஆகஸ்டில் சித்ரதுர்க்கத்தின் கவாடிகரஹட்டியிலும் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களில் சிலர் வீடு திரும்பவேயில்லை. கெட்ட நீராலும் சுகாதாரக் கேட்டாலும் 2019-இல் மட்டும் உலகில் 14 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் 3,95,000 பேர்.

சுத்திகரித்த நீர் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் கடைசித் தெருவிலேதான். குழாயில் இடைவிடாது அழுத்தத்தோடு நீர் ஓடினால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். நமக்கோ முறை வைத்தல்லவா தண்ணீர் விடுகிறார்கள்! நீர் நின்றதும் குழாய் வெறுமையாகிறது. அருகே உடைந்து கிடக்கும் சாக்கடைக் குழாயின் கசிவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தப்பி வந்த நீரை நம் மொட்டைமாடித் தொட்டி கெடுக்கிறது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அளந்து பார்த்தவர் யார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தை கொத்தனார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஒன்றரை. லாரித் தண்ணீர் நிரப்பிய பீப்பாயிலிருந்துதான் எல்லாரும் குடித்தோம். தம்பிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. “தண்ணீர் கொடுக்காதே, இன்னும் போகும்” என்றனர் பெரியவர்கள். அம்மா கொடுக்கவில்லை. அவன் நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டான். இரண்டாம் நாள் விடியுமுன் அடங்கிவிட்டான்.

1971-இல் வங்க அகதிகள் குவிந்த பொன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலாநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: அவ்வளவுதான். ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்தும் இச்செய்தி எங்கள் கொட்டகைக்கு வந்து சேரவில்லை. பெரியவர்களை நான் நோகவில்லை. அவர்களுக்குச் சொன்னவர் யார்?

“ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது, நமக்கு. நம் புதிய நூலகக் கட்டடத்திற்குக் கல் சுமக்கும் சேலத்துப் பெண்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று வேலிக்கு அப்பால் சென்று பார்த்ததுண்டா? நான் போன வாரந்தான் பார்த்தேன். அதே பீப்பாய், மூடியுமில்லை.

1982-இல் நம் நாட்டு ஆய்வாளர் மாஞ்சாவும் கூட்டாளிகளும் எளிய சோதனையொன்றை வெளியிட்டனர். மருந்து தோய்த்த காகிதமிட்ட சிறு புட்டியில் நீரை நிரப்பி, ஓரிரு நாள் வெதுவெதுப்பாக வைத்தால் போதும். கறுத்தால் மலம் கலந்திருக்கிறதென்று ஐயுற வேண்டும். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பொங்கல் விழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு போதும். விடுதிக்கு ஒன்று, உணவகத்துக்கு ஒன்று, அந்தக் கொட்டகைக்கு ஒன்று எனத் திங்கள்தோறும் சோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கறுத்த புட்டியை விடுதிக் காப்பாளர் மேசைமேல் வைப்பதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.

முதல் இருபது புட்டிகளை நானே தயாரித்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நூலக வேலியருகே நிற்பேன். கன்னடம் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் உடன் வந்தால் உதவியாயிருக்கும். மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது.