மறுத்துப் பேச ஆள் வேண்டும்

இணையத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களில் சண்டைக் காட்சிகள் எப்படியும் தேறிவிடுகின்றன. துயரக் காட்சிகள்தான் சறுக்குகின்றன. ஒருவர் கதை எழுதுவார், ஒருவர் பென்சிலில் வரைவார், ஒருவர் வண்ணம் தீட்டுவார், இன்னொருவர் பலூன்களில் வசனத்தை நிரப்புவார். பெரும்பாலும் ஒவ்வொருவரும் தாம் படைத்த நாயகனையும் கதைக்குள் கொண்டுவந்திருப்பார். ஒரு பாத்திரம் சாகும்போது அத்தனை நாயகர்களுக்கும் அழ ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கப்படும். யார் மனமும் நோகக் கூடாதே! சம்பளமில்லாமல் நட்புக்காகச் செய்யும் வேலையில் இந்தத் தாட்சண்யம் இயல்புதான். ஆனால், காட்சியைக் கொல்வதும் அதுதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் மறுக்கவும் மாற்றவும் இடமுள்ள கூட்டணியில்தான் துயரக் காட்சி உயிர்பெறும் என்பதற்கு இந்தக் கலையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1980இல் வந்த ‘எக்ஸ்-மென்’ 137ஆவது இதழை எடுத்துக்கொள்ளலாம். கதை கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியம் ஜான் பைர்ன். ஜீன் கிரே என்ற நாயகி கட்டுக்கடங்காத சக்தியால் நிலைமாறி, ஒரு நட்சத்திரத்தையே விழுங்கிவிடுகிறாள். அதைச் சுற்றிய கோளில் வாழ்ந்த அத்தனை பேரும் மாண்டுபோகிறார்கள். படைப்பாளிகள் முதலில் வைத்திருந்த முடிவில், வேற்றுலகப் பேரரசு அவளது சக்தியைப் பறித்துவிடும். அவள் உயிரோடு வீடு திரும்புவாள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் இதை ஏற்கவில்லை. ஓர் உலகத்தையே அழித்தவள் இவ்வளவு எளிதாகத் தப்புவது எப்படி நியாயம் என்பது அவர் கேள்வி. கடைசிப் பக்கங்கள் மாற்றப்பட்டன. நிலவில், தன் காதலன் ஸ்காட்டின் கண்ணெதிரே, அங்கிருந்த பழங்கால ஆயுதத்துக்குத் தன்னையே இரையாக்கிக்கொள்கிறாள் ஜீன். கைவிடப்பட்ட முடிவும் 1984இல் தனி இதழாக வெளிவந்ததால், இரண்டையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வடிவத்தில் அவளுக்கு ஏதோ நேர்கிறது. இரண்டாவதில் அவளே முடிவெடுக்கிறாள். படிப்பவரை உலுக்குவது அந்த முடிவுதான். இருவர் மட்டும் ஒத்துப்போயிருந்தால் அது பிறந்தே இருக்காது.

‘எக்ஸ்-மென்’ இதழை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் அன்றைய வேலைமுறையும், ஒருவர் செய்ததை இன்னொருவர் மாற்ற வழிவிட்டது. எழுத்தாளர் கதைச் சுருக்கம் தருவார்; ஓவியர் பக்கங்களை வரைவார்; வரைந்த பக்கங்களைப் பார்த்த பிறகே வசனம் எழுதப்படும். 1973இல் ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 121ஆவது இதழில், பாலத்திலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியை நாயகன் வலைநூலால் காலில் பற்றி நிறுத்துவதையும், அவள் தலை பின்னோக்கிச் சொடுக்குவதையும் கில் கேன் வரைந்தார். அப்போது 20 வயதே ஆகியிருந்த எழுத்தாளர் ஜெரி கான்வே, அவள் கழுத்தருகே ‘ஸ்நாப்’ என்று ஒரு சின்னஞ்சிறு ஒலிச்சொல்லைச் சேர்த்தார். காப்பாற்றிய கையே கொன்றதோ என்ற ஐயம் அந்த ஒரு சொல்லில் பிறந்தது. வாசகர்கள் இன்றும் அதை விவாதிக்கிறார்கள். கூட்டுவேலையின் பிசிறும் அதே பக்கங்களில் உண்டு: வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலம் போலத் தெரிகிறது. அந்தப் பிழையால் துயரம் ஒரு துளியும் குறையவில்லை.

கூட்டு என்பது தலைகளை எண்ணுவது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988இன் ‘பேட்மேன்’ கதை சாட்சி. பேட்மேனின் சீடனான ஜேசன் டாட் என்ற இளம் ராபின் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடந்தது. சாக 5,343 வாக்குகள், பிழைக்க 5,271. வெறும் 72 வாக்குகளில் ஓர் உயிர் போனது. இரண்டு முடிவுகளுக்கும் பக்கங்கள் தயாராக இருந்தன. மாணவனின் உடலைப் பேட்மேன் ஏந்திவரும் ஜிம் அப்பரோவின் படம் வலிமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சாவு ஏன் நேர வேண்டும் என்பதற்குக் கதைக்குள் பதில் இல்லை. எண்ணிக்கை மட்டுமே பதில்.

உணர்ச்சி என்பது தனி ஒருவர் எழுதி வரைந்தால்தான் சிதறாமல் வரும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ காமிக்ஸ் அதற்கு நல்ல சான்றுதான். ஆனால், அதை முடிக்க அவருக்கு ஆண்டுக்கணக்கில் பிடித்தது. தன்னைத் தானே மறுத்துத் திருத்த அவருக்கு அவகாசம் இருந்தது. வாரந்தோறும் பக்கம் ஏற்றும் குழுவுக்கு அந்த அவகாசத்தை ஈடுசெய்வது கூட்டாளியின் மறுப்புதான். சூப்பர்ஹீரோ கதைகளில் செத்தவர்கள் திரும்பிவிடுகிறார்களே என்பது இன்னொரு கேள்வி. ஜீனும் 1986இல் திரும்பினாள். என்றாலும் 137ஆவது இதழை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஷூட்டருக்குப் பதவி இருந்தது, நண்பர்கள் குழுவில் மறுத்துப் பேசினால் ஆள் விலகிப்போவார். உண்மைதான். அதனாலேயே, ஒரு துயரக் காட்சிக்குக் கடைசிச் சொல் யாருடையது என்பதைக் கோடு போடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தன் நாயகனைக் கூட்டுக் கதைக்குத் தருபவர், அவன் தோற்கவும், அழாமல் பின்வரிசையில் நிற்கவும் சேர்த்தே சம்மதிக்க வேண்டும். படம் சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்லும் பலூனை அடிக்கும் உரிமையை வசனம் எழுதுபவர் ஓவியருக்குத் தர வேண்டும். புதிதாகக் குழு சேர்ந்து தொடங்குகிறவர்கள், தலைப்பு முடிவாவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.