ஊர் கூடும் நாள்

"ஹஜ்ரத்! ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதே, பிறகு கிராம சபை எதற்கு?" என்று மாலை வகுப்பில் மாணவர் ஒருவர் வினவினார். பெரியவர்களே கேட்கத் தயங்கும் கேள்வி அது.

அவருக்கு மஹல்லாவையே உதாரணமாகக் காட்டினேன். நிர்வாகக் குழுவினர் நம் சார்பில் கூடி முடிவெடுக்கின்றனர். அது பிரதிநிதித்துவ முறை. பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, "இந்தச் செலவு ஏன்?" என எந்த ஜமாஅத்தாரும் எழுந்து கேட்கலாம், அது நேரடி முறை. ஏழு கோடிக்கும் மேற்பட்ட தமிழக மக்கள் ஒரே திடலில் கூட இயலாது. ஆகவே 234 பேரைச் சட்டமன்றத்திற்கு அனுப்புகிறோம். ஆனால் ஓர் ஊர் கூடலாமல்லவா?

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு வழி வகுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. எவரும் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எவரும் நீக்கவும் முடியாது.

இம்மண்ணுக்கு இது புதிதன்று. நெல்லைக்கு வடக்கே மானூரில், ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று சபையின் நடைமுறையைக் கூறுகிறது. எல்லாவற்றிற்கும் 'அன்று, அன்று' என மறுத்துக் கூட்டத்தைக் குலைப்போருக்கு ஐந்து காசு தண்டமாம்! (இன்று அவ்விதி இருந்தால் தண்டப் பணத்திலேயே தெருவிளக்கு போட்டுவிடலாம்.) எனினும் நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அச்சபையில் இடமிருந்தது, உழுதவருக்கு இல்லை.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகளே ஆராயட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் வேண்டாமென்றன. 2014இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. அது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்த வலிமை. நம் சபைகளுக்கு அத்துணை அதிகாரமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் ஊராட்சியின் கணக்கும், திட்டமும், பயனாளிகள் பட்டியலும் இங்கேதான் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

வைக்கப்படுகின்றனவா? நான் சென்றிருந்த ஒரு கூட்டத்தில், தீர்மானம் வாசிக்கப்படும் முன்னரே கையொப்பப் பதிவேடு சுற்றி வந்தது. பலர் ஒப்பமிட்டுவிட்டு எழுந்து சென்றனர். பெண்கள் மிகச் சிலரே. நம் வீட்டுப் பெண்மணி ஒருவரும் இல்லை. ஆண்களோ வளைகுடாவிலும் வெளியூர்க் கடைகளிலும் இருக்கின்றனர். ஊரில் இருக்கும் வாக்காளர் பெண்மணிகளே எனில், அவர்களும் வாராதபோது அவ்வீட்டிற்காக யார் பேசுவது?

பிரதிநிதிகளே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெறவில்லை. பின்னர் தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிய, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவரின் பதவிக்காலம் முடிகிறது; நம் உறுப்புரிமை முடிவதில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை நெடுங்காலமாகச் சபை கூடும் நாட்கள். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. செல்லும்போது கோரிக்கையை எழுத்தில் கொண்டு செல்லுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் பதியப்பட்டதைக் கண்ணால் கண்ட பின்னரே ஒப்பமிடுங்கள்.