த்ரில்லர்னு சொல்லி ஏமாத்திட்டியேடா!

ஒரு புக், அஞ்சு பேர், பத்து நாள். இதான் மக்களே இந்த வார மேட்டர்!

தமுக்கம் புத்தகத் திருவிழாவுல வாங்கின இங்கிலீஷ் நாவல் அது. பேரு 'அனிமல்ஸ் பீப்பிள்'. எழுதினவர் இந்திரா சின்ஹா. (பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, அவர் ஆண்! மூணு நாள் நானும் 'அவங்க எழுதினது'ன்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.) 2007-ல் வந்து, அந்த வருஷ புக்கர் பரிசோட இறுதிப் பட்டியல் வரைக்கும் போன புத்தகம். போபால் விஷவாயுக் கொடுமையை வச்சு எழுதினதுன்னு உண்மையைச் சொன்னா ஹாஸ்டல்ல ஒரு பய தொட மாட்டாய்ங்க. அதனால 'செம த்ரில்லர் மச்சி'ன்னு ஒரு பிட்டைப் போட்டேன். வேலை செஞ்சது. அப்புறம் வாங்கிக் கட்டிக்கிட்டதும் நான்தான்!

முதல்ல கதை. ஊர் பேரு காஃப்பூர். 'காஃப்'னா உருதுல பயம். அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலை, பேரு வெறும் 'கம்பெனி'. 'அந்த ராத்திரி' நடந்து பல வருஷம் ஆச்சு. கதை சொல்ற பயலுக்கு 19 வயசு, நம்ம செட்டுதான். அந்த ராத்திரி அவன் பிறந்து சில நாளே ஆன குழந்தை. ஆறு வயசுல முதுகெலும்பு வளைஞ்சுபோய், அன்னையிலிருந்து கையும் காலுமா ஊன்றி நடக்கறான். ஊரே அவனை 'அனிமல்'னு கூப்பிடுது, அவனும் அதையே பேரா வச்சுக்கிட்டான். அமெரிக்காவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து இலவச கிளினிக் திறக்கறாங்க. நியாயமா கூட்டம் அள்ளணும். ஒருத்தர்கூட வாசப்படி ஏறலை. ஏன்னா, 'இந்தம்மா கம்பெனி அனுப்பின ஆளோ?'ன்னு சந்தேகம். உளவு பார்க்க நம்ம அனிமலை அனுப்பறாங்க...

மீதியை நீங்களே படிங்க பாஸ்.

இனி தீர்ப்புகள். என் ரூம்மேட் மெக்கானிக்கல். மாட்டுத்தாவணியில பஸ் ஏறுறதுக்குள்ள ஒரு ராஜேஷ்குமார் நாவலை முடிக்கிற கேஸ். நூறு பக்கம் தாண்டினதும் புத்தகத்தை என் கட்டில்ல விட்டெறிஞ்சான். "பிணமும் இல்லை, போலீஸும் இல்லை. விபத்தாச்சும் வரும்னு பார்த்தா, அது முதல் பக்கத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. த்ரில்லர்னு சொல்லி ஏமாத்திட்டியேடா!" சரி, போகட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தா, செல்போன் வெளிச்சத்துல படிச்சிட்டு இருக்கான். "அந்த டாக்டரம்மா யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுத் தூங்கிடறேன்"ங்கறான். அவனோட மார்க்: நூத்துக்கு 60. என்னைப் பொறுத்தவரை அந்த ரெண்டு மணிக்கே தனியா 20 போடலாம்!

கெமிக்கல் படிக்கிற தோழி கேட்டதுதான் சரியான கேள்வி. "முந்நூத்திச் சொச்சம் பக்கத்துல ஒரு வால்வைப் பத்திக்கூட ஒழுங்கா இல்லையேப்பா?" பருத்திப்பால் கடையில நின்னபடியே அவ போட்ட பாடத்தைச் சுருக்கித் தர்றேன்.

1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி. போபால் யூனியன் கார்பைடு ஆலை. 610-ம் நம்பர் டேங்க்ல சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட். 39 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகிற சரக்கு, ஜில்லுனு வச்சிருக்கணும். குளிர்விக்கிற யூனிட்டை மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்தாங்க. டேங்க்குக்குள்ள தண்ணி போச்சு. எப்படிப் போச்சுங்கறதுக்கு இன்னிக்கும் ரெண்டு கதை: குழாய் கழுவின தண்ணின்னு தொழிலாளர் தரப்பு, யாரோ வேணும்னே ஊத்தினாங்கன்னு கம்பெனி தரப்பு. எதுவா இருந்தாலும், உள்ளே சூடு ஏறி வாயு பீறிட்டப்ப அதைப் பிடிச்சு முறிக்க ஸ்க்ரப்பர்னு ஒண்ணு இருந்துச்சு. அது வேலை செய்யற நிலையில இல்லை. மிச்சத்தை எரிக்க ஃப்ளேர் டவர் இருந்துச்சு. அதோட குழாயைக் கழட்டிப் போட்டிருந்தாங்க. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாங்க, வாயு வெளியேறின உயரத்துக்கு அது எட்டலை. "ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னுதானே நமக்குச் சொல்லித் தர்றாங்க? அங்கே எல்லாமே ஒரே ராத்திரியில லீவு. இதைவிட என்ன த்ரில்லர் வேணும் உனக்கு? இதை எழுதாம விட்டுட்டாரே மனுஷன்!"

எனக்கு அந்தப் பால் இறங்கலை. இதையே நாங்க 'கேஸ் ஸ்டடி'ன்னு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்தவங்கதான். முதல்ல அரசு சொன்ன சாவுக் கணக்கு 2,259. பிறகு 3,787. 15,000-க்கும் மேலங்கற மதிப்பீடும் இருக்கு. பரீட்சைக்கு எந்த நம்பரை எழுதினேன்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

தோழிக்கு இன்னொரு கோபமும் உண்டு. ஏன் ஊரு, கம்பெனி பேரையெல்லாம் மறைக்கணும்? கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984-ல் கைதாகி, ஜாமீன்ல போனவர்தான், விசாரணைக்குத் திரும்பவே இல்லை. 2014-ல் இறந்தும் போயிட்டார். 2010-ல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு ரெண்டு வருஷம் தண்டனை, உடனே ஜாமீன். "பேரைச் சொல்லி அடிச்சிருக்கணும்"ங்கறா.

இங்கே மட்டும் நான் கட்சி மாறுறேன். பேர் இல்லாததாலதான் எனக்குக் கொடைக்கானல் ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவிலிருந்து பெட்டி படுக்கையோட அங்கே வந்திறங்கின தெர்மாமீட்டர் ஆலை. பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில கிடந்தது வெளியே வந்து, 2001-ல் இழுத்து மூடினாங்க. 591 முன்னாள் தொழிலாளர்களோட இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான். 'போபால்'னே புத்தகத்துல போட்டிருந்தா, 'ஓ, அது வடக்கே நடந்த கதை'ன்னு பக்கத்தைப் புரட்டியிருப்பேன். கொடைக்கானலுக்கு நாம டூர்ல போவோம், தெரியும்ல?

எலெக்ட்ரானிக்ஸ் அக்கா ஒருத்தங்க ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "கதையில வர்ற பொண்ணுங்க எல்லாரும் யாராச்சும் ஒருத்தனுக்கு ஆறுதல் சொல்லவே பிறந்திருக்காளுக." அதுல நியாயம் இருக்கு. பதில் இல்லை.

கடைசியா ஜூனியர். சிவகாசிப் பக்கத்துப் பையன், பேசவே காசு கேப்பான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு நின்னுக்கிட்டே இருந்தான். "அண்ணே, நிறைய இடத்துல சிரிச்சுட்டேன். தப்பாண்ணே?"

அனிமல் வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. பொய் சொல்லுவான், எட்டிப் பார்ப்பான், தன் உடம்பையே கிண்டல் பண்ணுவான். ரூம்மேட் இதைத்தான் "பாதிக்கப்பட்டவனை இப்படியா காட்டுறது?"ன்னு திட்டியிருந்தான். ஜூனியரோ வேற சொன்னான். 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிச்சப்ப அவனுக்கு ஆறு வயசு. கிட்டத்தட்ட 40 பேர் செத்தாங்க, அதுல பலர் காப்பாத்தவும் பார்க்கவும் ஓடினவங்க. "எங்க தெருவுல ஒரு மாமாவுக்குக் கையெல்லாம் வெந்துபோச்சுண்ணே. கேமரா தூக்கிட்டு வந்தவங்க முன்னாடி அழுதாரு. அவங்க போனதும் எங்களைக் கூப்பிட்டு, கட்டுப் போட்ட கையை ஆட்டி பேய் மாதிரி பயங்காட்டுவாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பாரு. இந்த அனிமலு அந்த மாமா மாதிரியே பேசுறான்."

நாலு பேருல யாரும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கலை. ரூம்மேட் மட்டும் தன்னோட 60-ஐ 75 ஆக்கிக்கலாமான்னு கேட்டான்.

இந்திரா சின்ஹாவும் விபத்தைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதினவர் இல்லை. லண்டன்ல விளம்பரத் துறையில இருந்தப்ப, போபால் மக்களுக்காக நிதி கேட்டு விளம்பரம் எழுதினார். அந்தப் பணம் உதவித்தான் போபால்ல 'சம்பாவனா' இலவச கிளினிக் வந்துச்சு. கிளினிக் வரக் காரணமா இருந்த ஆளே, கிளினிக்கை ஊரே சந்தேகப்படற மாதிரி கதை எழுதியிருக்கார். எனக்குப் பிடிச்சது இந்தக் குசும்புதான். பிடிக்காதது, கடைசி அம்பது பக்கம் இழுத்த இழுப்பு!

விபத்து முடிஞ்ச கதையான்னு கேட்டா, ஆலைக்குள்ளேயே கிடந்த 337 டன் நச்சுக் கழிவை லாரியில ஏத்தி பீதம்பூருக்கு அனுப்பினதே 2025 ஜனவரியிலதான். அந்த ஊர்க்காரங்க 'எங்களுக்கு வேணாம்'னு ரோட்டுல உட்கார்ந்துட்டாங்க.

புக் இப்போ என்கிட்ட இல்லை. தோழி திரும்ப வாங்கிட்டுப் போயிட்டா. கடைசி வெள்ளைப் பக்கத்துல பென்சிலால 610-ம் நம்பர் டேங்க், ஸ்க்ரப்பர், ஃப்ளேர் டவர் எல்லாத்தையும் வரைஞ்சு, எதெது வேலை செய்யலையோ அதுக்கெல்லாம் குறுக்குக் கோடு போட்டிருக்கா. அடுத்து ஜூனியரோட அக்கா க்யூவுல நிக்கறாங்க. உங்க காலேஜ்ல யாருக்காச்சும் வேணும்னா அவங்களுக்கு அப்புறம்தான்... அட்டை கழண்டுடுச்சு, பார்த்து வாங்கிக்குங்க!