வாங்குகிறவனைக் கேளுங்கள்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவனைத் தீவகத்தில் நாம் குறைசொல்வதில்லை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் அப்படிப் போனவர் இல்லாத வீடு அரிது. ஆனால், அணுகுண்டு செய்யும் வித்தை கைவந்த ஒருவன் பிழைப்புத் தேடிப் புறப்பட்டால் உலகம் நடுங்குகிறது. நடுங்கவேண்டியதுதான். நடுங்குகிறவர்கள் யார் என்பதையும் சற்றுப் பார்ப்போம்.

1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது ஆயுத விஞ்ஞானிகள் சம்பளமின்றி நின்றனர். ‘பகை நாடுகள்’ இவர்களை விலைக்கு வாங்கிவிடும் என்று மேற்குலகம் அஞ்சியது. 1992இல் ஒப்பந்தமாகி, 1994 முதல் மொஸ்கோவில் இயங்கிய சர்வதேச விஞ்ஞான தொழில்நுட்ப மையம், சமாதான ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்து அவர்களைத் தத்தம் ஊரிலேயே இருத்த முயன்றது. நல்ல காரியம், மறுக்கமாட்டோம். ஆயினும், 1996 ஒக்டோபரில் ஸ்நெஷின்ஸ்க் அணுவாயுத நிலையத்தின் தலைவர் விளாடிமிர் நெச்சாய் தற்கொலை செய்துகொண்டார். தம்மிடம் உழைத்தோருக்கு மாதக்கணக்காகச் சம்பளம் கொடுக்க இயலாது தவித்தவர் அவர். எந்தப் பகை நாட்டுக்கும் அவர் விலைபோகவில்லை. அவரைக் கொன்ற பகைவன் யார்?

ஹிட்லருக்கு வி-2 ஏவுகணை செய்துகொடுத்த வொன் பிரவுணை 1945இல் அமெரிக்கா அழைத்துக்கொண்டது. அந்த ஏவுகணைகளைச் செய்த டோரா முகாமில் அடிமைக் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்திருந்தனர். அவருக்குக் கிடைத்ததோ மாலை மரியாதை! நம் தோழர்கள் முகஞ்சுளித்தாலும் சொல்லத்தான் வேண்டும்: 1946 ஒக்டோபரில் சோவியத்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஜேர்மன் நிபுணர்களை இரவோடிரவாக அள்ளிச் சென்றது. தான் வாங்கினால் தேசப்பணி, பிறன் வாங்கினால் உலகத் துரோகம்!

சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். பாக்கிஸ்தானின் அப்துல் காதிர் கான் பட்டினி கிடந்தவரா? பட்டமும் பதக்கமும் குவிந்த அவர், அணு இரகசியங்களைப் பிற நாடுகளுக்குக் கொடுத்ததை 2004இல் ஒப்புக்கொண்டார், பின்னர் மறுத்தார். அந்த வலையின் தரகர் என மலேசியப் பொலிஸ் அறிக்கை அதே ஆண்டில் பெயர் குறித்த பி. எஸ். ஏ. தாஹிர் இலங்கைக்காரர். ‘நமக்கென்ன?’ என்று நாமும் கைகழுவ முடியாது.

மொஸ்கோ மையத்தை விட்டு 2015இல் ருஷ்யா விலகியது. மையம் அஸ்தானாவுக்குப் பெயர்ந்தது. வல்லரசுகள் முறைத்துக்கொண்டால் விஞ்ஞானியின் வீட்டு உலை அணையும் என்றால், அது என்ன ஏற்பாடு? அந்த ஊதியத்தை ஐக்கிய நாடுகள் சபையே பொறுப்பேற்கட்டும். குண்டையே விலக்கும் 2017ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 2023இல் இலங்கை சேர்ந்தது. அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றேனும் இதுவரை சேரவில்லை.