நாண் இருக்கச் 'சைன்' எதற்கு?

பத்தாம் வகுப்புப் பொத்தகத்தில் 'முக்கோணவியல்' கற்கும் நம் பிள்ளை அச்சொல்லையே இணையத்தில் இட்டுத் தேடுகிறான். கிடைப்பவற்றுள் பலவும் தமிழ்த் தலைப்பு, ஆங்கில உடல்! 'எதிர்ப்பக்கம்' என ஏட்டிற் பயின்றவன் செவியில் 'ஆப்போசிட்' என்று அறைகின்றனர். கான் அகாதமி இப்பாடத்தை ஆங்கிலத்தில் விலையின்றித் தருகிறது, அதனைக் குறைகூறோம். தமிழன் என்ன செய்தான்?

'சைன்' என்பதைத் தமிழாற் சொல்லவியலாதாம்! சொல்வரலாறு அறியாதார் கூற்று இது. வில்லின் நாணைக் குறித்த வடசொல் 'சீவா'. அரபியர் அதை ஒலிப்படியே 'சீபா' என்றனர். உயிரொலி குறியாது எழுதியதால், பின்வந்தோர் 'சைபு' எனப் பிறழப் படித்தனர். 12ஆம் நூற்றாண்டில் அது மடிப்பு எனப் பொருள்படும் இலத்தீன் 'சைனசு' ஆயிற்று. அப்பிழையைப் பேணும் நாவே, வட்டத்தில் ஒரு நாண் வரைந்து, 'இதன் பாதிதான் அது' என்று தமிழிற் சொல்ல ஏன் கூசுகிறாய்? கணக்காசிரியரே, நும் அடுத்த காணொளியேனும் தமிழில் வருமா?