கெட்டிமேளம் காத்திருக்காது

கோயில் குளத்துப் படிக்கட்டு, காலை ஏழு மணி. பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டியின் கன்னத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அவருக்கு எதிரே ஸ்டாண்டைப் பரப்பி, மாமியா ஆர்பி67 கேமராவை அதன்மேல் ஏற்றிவைத்திருந்தார் ஓர் இளைஞர். மேல்மூடியைத் திறந்தார். பூதக்கண்ணாடியை நிமிர்த்தினார். பெல்லோஸை முன்னே உருட்டினார், பின்னே உருட்டினார். பையிலிருந்து லைட் மீட்டரை எடுத்துப் பாட்டியின் கன்னத்தருகே நீட்டினார். "அப்படியே இருங்க பாட்டி, அசையாதீங்க." பாட்டி அசையவில்லை. பட்டனை அழுத்தினார், அது இறங்க மறுத்தது. ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவ மறந்திருந்தார். உருவி முடிப்பதற்குள் மண்டபத் தூணின் நிழல் கன்னத்தில் ஏறிவிட்டது. பாட்டியும் பூவை மடியில் போட்டுவிட்டு, ஆதார் அட்டைக்கு உட்கார்ந்தவர்போல விறைத்திருந்தார். அப்போதுதான் ஷட்டர் 'தடக்' என்றது. இளைஞர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இதுதான் சார் ஃபிலிமோட அழகு. நம்மள அவசரப்படவே விடாது."

பாட்டியின் விரல்கள் நார் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் குறைந்தது மூன்று படங்கள் வந்து போயின. மூன்றையும் கோட்டைவிட்டதைத்தான் அந்தத் தம்பி அழகு என்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; யாரோ அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஃபிலிம் மனிதனை நிதானப்படுத்தும், ரோலுக்குச் சில படம்தான் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்பான், யோசித்து எடுத்தால் படத்தில் ஆழம் வரும். பயிற்சிப் பட்டறைகளிலும் காணொளிகளிலும் இந்த மந்திரம்தான் இடைவிடாமல் ஓதப்படுகிறது. 35 மில்லிமீட்டர் கேமராவுக்கே இவ்வளவு புகழ் என்றால், 120 ரோல் போடும் மீடியம் ஃபார்மட்டைக் கேட்கவே வேண்டாம். கனமாக இருக்கிறது, இடவலம் மாற்றிக் காட்டுகிறது, எதற்கெடுத்தாலும் ஒரு நெம்புகோலைத் தள்ளச் சொல்கிறது. ஆகவே அது தியானமாம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய உடான்ஸ் புகைப்பட உலகில் கிடையாது.

120 ரோலின் பிறப்பைப் பார்த்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். 1900-இல் கோடாக் கம்பெனி பிரவுனி என்ற அட்டைப் பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. பிள்ளைகளை மனத்தில் வைத்தே அதற்கு விளம்பரம் செய்தது. மறு ஆண்டு நம்பர் 2 பிரவுனி வந்தது. அதற்காகச் செய்ததுதான் இந்த 120 ரோல். ஃபோகஸ் பார்க்கத் தேவையில்லை, கணக்குப் போடத் தேவையில்லை. வெயிலில் நிற்கவைத்து விசையைத் தட்டினால் படம். இன்று பட்டறைகளில் பட்டுத்துணி விரித்து வைக்கப்படும் அந்தச் சுருள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனின் கைக்காகச் செய்யப்பட்ட சரக்கு.

நம் நாட்டுக் கதையும் அதுதான். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்ஃபா க்ளிக் III எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமரா. அதிலும் 120 ரோல்தான், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரம்தான், பன்னிரண்டு படம்தான். கொடைக்கானல் போனபோது அப்பா அதில் எடுத்த படங்கள் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இன்னும் இருக்கின்றன. பெரிய மாமா பாதித் தலையோடு நிற்கிறார். ஏரி இருபது டிகிரி சாய்ந்திருக்கிறது. தியானம் கைகூடிய அறிகுறி எதுவும் தென்படவில்லை.

இனி கல்யாண மண்டபத்துக்கு வருகிறேன். என் முக்கிய சாட்சி அங்கேதான் இருக்கிறார். எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடைத்தெரு ஸ்டுடியோக்காரரிடம் ஒரு யாஷிகா மேட் 124ஜி இருந்தது. இரட்டைக் கண் கேமரா. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க. கோடை விடுமுறையில் அவருக்கு ஃப்ளாஷ் பேட்டரி தூக்கும் எடுபிடியாகப் போயிருக்கிறேன். தாலி கட்டும் நேரம் மொத்தம் எவ்வளவு? 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் எழும்பும், தவில் இடிக்கும், அட்சதை பறக்கும், முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்றது நாத்தனார், அவ்வளவுதான். அரை நிமிடம் தாண்டாது. அதே நேரத்தில் மணமேடையைச் சுற்றி உறவுக்கூட்டம் மதில்போல எழுந்து நிற்கும். "ஒரு நிமிஷம் மாப்பிள்ளை, மீட்டர் பாத்துக்கிறேன்" என்று சொல்லும் போட்டோகிராபருக்கு அந்த ஊரில் அடுத்த முகூர்த்தம் கிடைக்காது.

அவர் மீட்டர் பார்த்ததே இல்லை. ஃப்ளாஷின் கைடு நம்பர் அடிக்கணக்கில் 80 என்றால், பத்தடி தூரத்துக்கு எஃப் 8, ஐந்தடிக்கு எஃப் 16. வாய்ப்பாடுபோல மனப்பாடம். மேடைக்கும் தான் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் காலையிலேயே காலால் அளந்து ஃபோகஸ் குமிழைத் திருப்பிவைத்துவிடுவார். லீஃப் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஐந்நூறில் ஒரு நொடி வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் பிசகாது. அந்தக் கவலையும் விட்டது. கூட்டம் மறைத்தால் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்குவார். அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்து எடுப்பார். மறைக்கும் சித்தப்பாக்களை யாராலும் உட்காரவைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ரோல் கணக்கு இன்னும் சுவாரசியம். முகூர்த்தம் நெருங்கும்போது மூன்று படம்தான் மிச்சம் என்றால், அந்த மூன்றையும் முன்வரிசைச் சம்பந்திகள்மேல் செலவழித்துவிடுவார். சம்பந்திகளுக்கும் சந்தோஷம். முடிந்த ரோலின் காகிதப் பட்டியை நாக்கில் நனைத்து ஒட்டி, சட்டைப் பைக்குள் போடுவார். (அந்தக் கோந்தின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, சில நாள் நக்கும் வேலை எனக்கு வந்ததுண்டு.) கீழே காலியான சுருளை மேலே மாற்றுவார். புது ரோலைக் கீழே பொருத்தி, காகித நுனியை மேல் சுருளின் பிளவில் செருகி, தாளில் அச்சிட்ட அம்புக்குறி கேமரா உடம்பிலுள்ள குறிக்கு நேராக வரும்வரை சுற்றுவார். முதுகை மூடிக் கைப்பிடியைச் சுழற்றினால் அது தானாக நிற்கும் இடத்தில் எண் 1. இவ்வளவும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் உடம்பின் நிழலிலேயே. சுருள் தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறிவிடும் என்பதால் கட்டைவிரல் ரோலை அழுத்தியபடியே இருக்கும். கண் மட்டும் கேமராவில் இருக்காது. அது மணப்பெண்ணின் அம்மா எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அவரிடம் நிதானம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கேமராவைத் தூக்குவதற்கு முன்பே இருபது வருடம் மண்டபங்களில் நின்று வந்த நிதானம் அது. பட்டறைக்காரர்கள் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டிவிட்டு, வண்டிதான் குதிரையை இழுக்கிறது என்கிறார்கள்.

'குறைவாக எடுத்தார்கள், அதனால் நன்றாக எடுத்தார்கள்' என்பதும் இதே ரகம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். ஃபிலிம் கிடைப்பதே பெரும்பாடு. 1960-இல் ஊட்டியில் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல்தான் உற்பத்திக்கு வந்தது. அங்கிருந்து வந்த 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமை நம்பித்தான் பல சிற்றூர் ஸ்டுடியோக்கள் ஓடின. பாஸ்போர்ட் படத்துக்கு ஒரே எக்ஸ்போஷர். வாடிக்கையாளர் கண்ணை மூடிவிட்டால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது. ஒரு ரோலில் எத்தனை பேரை அடக்கினால் கடை வாடகை தேறும் என்ற கணக்குதான் அந்தச் சிக்கனம். அதைப் போய் ஆன்மிகம் ஆக்குவது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வரிசையில் கால்கடுக்க நின்றதை யோகப் பயிற்சி என்று பேரன் எழுதுவதற்குச் சமம்.

உடனே பெரிய பெயர்களை எடுத்து வீசுவார்கள். சரி, அவர்களையே பார்ப்போம். விவியன் மேயர் சிகாகோவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்துகொண்டே கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக நடந்தவர். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும். அவர் விட்டுச் சென்ற நெகடிவ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நூற்றுக்கணக்கான ரோல்கள் கழுவக்கூடப் படாமல் கிடந்தன. ஒரு லட்சம். சிக்கனத்தின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டயேன் ஆர்பஸ் 1962-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பொம்மைக் கையெறி குண்டோடு நிற்கும் சிறுவனை எடுத்த படத்தை எல்லோருக்கும் தெரியும். அந்த ரோலின் எல்லாப் படங்களையும் காட்டும் கான்டாக்ட் ஷீட்டும் பலமுறை அச்சாகியிருக்கிறது. ஒரே பையன்மேல் கிட்டத்தட்ட முழு ரோலையும் ஓட்டியிருக்கிறார். மற்றப் படங்களில் அவன் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கும் சாதாரணப் பிள்ளை. பெயர் பெற்றது அவன் முகம் கோணிய ஒரே ஒரு படம். தவம் கிடந்து ஒரு தடவை அழுத்தியிருந்தால் அது கிடைத்திருக்காது.

1968 டிசம்பர் 24. அப்போலோ 8 விண்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் பூமி எழும்புகிறது. வில்லியம் ஆண்டர்ஸ் கையிலிருந்த ஹாசல்பிளாடில் கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஒரு படம் எடுத்துவிட்டு, கலர் ரோல், சீக்கிரம் என்று சக வீரர் ஜிம் லவலிடம் அவசரப்படுத்துகிறார். ஃபிலிம் மேகசின் கைமாறுகிறது, பின்னால் மாட்டப்படுகிறது, 250 மில்லிமீட்டர் லென்ஸ் ஜன்னலை நோக்கித் திரும்புகிறது. பூமி ஜன்னலைவிட்டு நகர்வதற்குள் எடுத்த படம் அது. மறு ஆண்டு நிலவில் இறங்கிய ஆர்ம்ஸ்ட்ராங் கேமராவை நெஞ்சில் மாட்டியிருந்தார். அதில் பார்த்து எடுக்க வ்யூஃபைண்டர்கூடக் கிடையாது. உடம்பைத் திருப்பித்தான் குறிவைக்க வேண்டும். மீடியம் ஃபார்மட்டின் ஆகப் புகழ்பெற்ற படங்கள் இவை. இவற்றுக்குப் பின்னால் இருந்தது, பூமியிலேயே பழகி முடித்துவிட்ட கை.

அடிப்படைக் குழப்பம் எங்கே என்றால், கேமராவைத் தயார்ப்படுத்துவதைப் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்வதில். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கிறார். சபையில் யாரும் அதற்குக் கைதட்டுவதில்லை. பத்து நிமிடமாகியும் சேரவில்லை என்றால் பாடகர் முறைப்பார். ஹாசல்பிளாடில் லென்ஸைக் கழற்றுமுன் ஷட்டர் முறுக்கப்பட்டிருக்க வேண்டும், டார்க் ஸ்லைடைச் செருகாமல் மேகசினைக் கழற்ற முடியாது, நெருங்கிய தூரத்தில் இரட்டைக் கண் கேமரா தலையை வெட்டும் என்பவை எல்லாம் சுருதி. தெரிந்திருக்க வேண்டும், தெரிந்த பிறகு மறந்துபோக வேண்டும். அவற்றோடு மல்லாடிக்கொண்டிருக்கும்வரை கண் இருப்பது நெம்புகோலில். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் இல்லை. நிதானம் என்று பெயர்வைத்தாலும் அது கவனச் சிதறல்தான்.

இந்தக் கேமராக்களுக்கு மகிமையே இல்லையா என்றால், உண்டு. ஆறுக்கு ஆறு என்று சொல்லும் சதுரம் உண்மையில் 56 மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. பரப்பு 3,136 சதுர மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் சட்டத்தில் 864 தான். மூன்றரை மடங்குக்கும் மேல். ஸ்டுடியோக்காரர் நெகடிவிலேயே கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்ததும், பெரிதாக்காமலே ஆல்பத்துக்குப் பிரிண்ட் போட்டதும் அந்தப் பரப்பினால்தான். இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்ப்பதால் எடுப்பவரின் முகம் கேமராவுக்குப் பின்னால் மறைவதில்லை; எதிரிலிருப்பவர் கூச்சம் குறைந்து நிற்கிறார். இவையெல்லாம் பத்து நிமிடம் தடவினால்தான் கிடைக்கும் என்பதில்லை. ஐந்நூறில் ஒரு நொடியிலும் அதே பரப்பு, அதே முகம்.

படிக்கட்டுத் தம்பியிடம் இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். வீணான ரோல் ஒன்றை வைத்துக்கொண்டு, டிவி பார்த்தபடியே நூறு தடவை போட்டு எடுங்கள். நல்ல வெயிலில் 125 வேக ஃபிலிமுக்கு எஃப் 16, நூற்று இருபத்தைந்தில் ஒரு நொடி. மீட்டரைப் பைக்குள்ளேயே வையுங்கள். அவர் முகம் வாடிவிட்டது. "அப்புறம் டிஜிட்டலுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டார்.

ஸ்டுடியோக்காரருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. யாஷிகாவை எப்போதோ விற்றுவிட்டார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ஃபிலிம் கேமரா மனசுக்கு அமைதி தருதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்கண்ணே என்றேன். காது சரியாகக் கேட்கவில்லைபோல. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அமைதியா?" என்றார். "முடிச்சுப் போடுறான், கைப்பிடியச் சுத்துறேன், சுத்திக்கிட்டே போகுது, உள்ள ரோல் இல்ல. வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கனவு வருதுடா எனக்கு. வேர்த்து எந்திரிச்சு உக்காந்துக்குவேன். உங்க அண்ணியக் கேட்டுப்பாரு."